அவர் முணுமுணுப்பும் என் விரல்களும்

1955-ஆம் வருடம். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. புதுச்சேரியில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். எனக்கு இருபத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா சைகோனில் வேலை பார்த்து அங்கேயே இறந்துபோனவர். முத்தியால்பேட்டை வீட்டில் அம்மா, தங்கை, நான். மூன்று பேரும் சாப்பிட்டது என் சம்பளத்தில்தான். ஒரு பெண் ஆபீசுக்கு நடந்து போவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. பார்த்தால் பார்க்கட்டும் என்று நான் நிமிர்ந்துதான் நடப்பேன்.

அந்த நிமிர்வுக்குக் காரணம் இருந்தது. எங்கள் கம்பெனியில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே என்னைப் போல வேகமாக டைப் அடிக்க ஆள் கிடையாது. யாராவது பெரிய மனிதர் வந்தால் முதலாளி என் மேசைக்கு அழைத்து வந்து காட்டுவார். நான் வேண்டுமென்றே மெஷினைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அடிப்பேன். வந்தவர் வாயைப் பிளப்பார். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போல இருக்கிறது.

நான் டைப் அடிக்கக் கற்றது கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில். அங்கே எல்லாப் பாடமும் காதால்தான் நடக்கும். ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதுவதற்குத் 'திக்தே' என்று பெயர். தினமும் காலையில் முதல் வேலையே அதுதான். டைப் வகுப்பும் அப்படியே. கைகளின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவார்கள். கன்னியாஸ்திரி அம்மா ஒவ்வொரு எழுத்தாகப் பிரெஞ்சில் சொல்வார், துணிக்குள்ளே விரல் அந்த இடத்துக்குப் போக வேண்டும். மற்றப் பெண்கள் அழுதுகொண்டே ஒரு வருடம் கற்றதை நான் மூன்றே மாதத்தில் கற்றேன். திக்தேயிலும் நான்தான் முதல். ஆனால் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துச் சத்தமில்லாமல் படி என்றால் நாலாவது வரியில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். எனக்கு மூளை அதிகம் என்று மட்டும் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

பக்கத்து மேசையில் இன்னொரு டைப்பிஸ்ட், ஆண். தவளக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். வயது முப்பத்தைந்து இருக்கும், மூன்று பிள்ளைகள். தினமும் சைக்கிளில் வந்து போவார். சின்ன வயதில் கடலூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்ததால் இங்கிலீஷ் கொஞ்சம் நன்றாகவே வரும், பிரெஞ்சு அரைகுறை. அவர் டைப் அடிப்பதைப் பார்க்க வேண்டுமே. இரண்டே விரல். கோழி தானியம் பொறுக்குவது போல ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்துவார். குத்தும்போதெல்லாம் அந்த எழுத்தின் பெயரை வாய்க்குள் முணுமுணுப்பார். அதுவும் அடிப்பது பிரெஞ்சுக் கடிதமாக இருக்கும், முணுமுணுப்பது மட்டும் இங்கிலீஷ் எழுத்து. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை காதோரத்தில் அந்த ரீங்காரம் ஓயாது.

எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு தடவை முதலாளியிடம் போய்ப் புகார்கூடச் சொன்னேன். முதலாளி பல தலைமுறையாக இந்த ஊரில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தவர், அதிர்ந்து பேச மாட்டார். பக்கத்து மேசைக்காரர் அடித்த கடிதத்தில் ஒரு தப்பாவது நான் பார்த்திருக்கிறேனா என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால் பார்த்ததில்லை. நான் மூன்று கடிதம் முடிக்கும் நேரத்தில் அவர் ஒன்று முடிப்பார், ஆனால் அந்த ஒன்றில் அழித்த இடமே இருக்காது. சரி, பொறுத்துக்கொள்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

நிர்வாகம் மாறியதும் எங்கள் வியாபாரமும் மாறியது. பிரான்சுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போன கடிதங்கள் குறைந்து, சென்னைக்கும் பம்பாய்க்கும் இங்கிலீஷில் எழுத வேண்டி வந்தது. பழைய பிரெஞ்சு மெஷின்கள் கிடங்குக்குப் போயின. சென்னையிலிருந்து இரண்டு இங்கிலீஷ் மெஷின்கள் வந்து இறங்கின. ஒரு நாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். முன்னைப் போல வேலை இல்லை, இனி ஒரு டைப்பிஸ்ட்தான் வைத்துக்கொள்ள முடியும். மூன்று மாதம் கழித்து அவருக்குத் தெரிந்த ஒரு சென்னைக் கம்பெனியின் தலைமை குமாஸ்தா வருவார். இருவருக்கும் பரீட்சை வைப்பார். யார் நன்றாக அடிக்கிறாரோ அவருக்கு நாற்காலி. மற்றவருக்குக் கிடங்கில் மூட்டை கணக்குப் பார்க்கும் வேலை, சம்பளம் குறையும்.

மற்றவர் நானாக இருந்தால் கிடங்குகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். நாற்பது ஆண்கள் மூட்டை தூக்கும் இடத்துக்கு என்னை அனுப்ப அம்மா சம்மதிக்க மாட்டாள். வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அன்றைக்கு எனக்குத் துளியும் பயம் வரவில்லை. போட்டி யாரோடு? இரண்டு விரல் ஆசாமியோடு. பாவம், அவருக்கு மூன்று பிள்ளைகள் என்று பெருந்தன்மையாக ஒரு நிமிடம் இரக்கப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் புது மெஷினில் காகிதத்தைச் சொருகி, வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு கடிதம் அடித்தேன். உருவி எடுத்துப் பார்த்தால் அது எந்த மொழி என்றே தெரியவில்லை. பிரெஞ்சு மெஷினிலும் இங்கிலீஷ் மெஷினிலும் எழுத்துகள் ஒரே இடத்தில் இருக்காது. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'க்யூ' விழுந்திருந்தது. 'டபிள்யூ' வேண்டிய இடத்தில் 'இசட்'. 'எம்' வேண்டிய இடத்தில் ஏதோ புள்ளி. எண்கள் எல்லாம் அடையாளக் குறிகளாக மாறியிருந்தன. மெட்ராஸ் என்ற ஊரின் பெயரை என் வாழ்நாளில் அவ்வளவு அசிங்கமாக நான் பார்த்ததில்லை.

பக்கத்து மேசையில் அவர் எதுவுமே நடக்காதது போல அடித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடிப்பவர்தானே. எழுத்து இடம் மாறி உட்கார்ந்தால் என்ன, கண் அங்கே போய்த் தேடிக்கொள்கிறது. முணுமுணுப்பும் இங்கிலீஷ், மெஷினும் இங்கிலீஷ். பத்தே நாளில் அவர் முன்னைவிட வேகமாக அடிக்க ஆரம்பித்துவிட்டார். என்னுடைய கெட்டிக்காரத்தனமே எனக்கு எதிரியாகிவிட்டது. விரல்கள் பழைய வீட்டையே தேடிப் போயின, நான் என்ன சொன்னாலும் கேட்கவில்லை.

முதல் முறையாக எனக்கு வேலை போய்விடுமோ என்று தோன்றியது. சாயங்காலத்தில் ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் போய்ச் சேர்ந்தேன். அங்கே சுவரில் பெரிய படம் மாட்டி, எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று வண்ணம் பூசி வைத்திருந்தார்கள். படத்தைப் பார், வாய் பேசாதே, அடி. இதுதான் அங்கே பாடம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு காலேஜ் பையன் அந்தப் படத்தை ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் படமே தெரிகிறது என்றான். எனக்குக் கண்ணை மூடினால் இருட்டுதான் தெரிந்தது. ஒரு மாதம் போனது. 'க்யூ' போய் 'ஏ' வரவில்லை.

சரி, பக்கத்து மேசைக்காரர் வழியையே பார்ப்போம் என்று எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் குத்தினேன். அது அதைவிட மோசம். கண் ஒரு பக்கம் போகும், கை இன்னொரு பக்கம் போகும். ஒரு பக்கம் அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சென்னைக்குப் போன ஒரு கடிதத்தில் விலை எல்லாம் தப்பாக விழுந்து, அதை முதலாளி ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம், எனக்கு மூளை மழுங்கிவிட்டது என்று அழுதேன். நான் கெட்டிக்காரி என்பதையே இத்தனை வருடம் ஏமாந்து நம்பிவிட்டேனோ என்று தோன்றியது.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் அது நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. அவர் ஒரு கடிதத்தை முடித்துவிட வேண்டும் என்று சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். நானும் பயிற்சி செய்ய உட்கார்ந்தேன். என் முன்னால் ஒரு காகிதம் இருந்தது, ஆனால் கவனம் அதில் இல்லை. அம்மாவிடம் என்ன சொல்வது, தங்கையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று மனம் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பார்த்தேன்.

என் முன்னால் இருந்த காகிதத்தில் உள்ள கடிதம் அது இல்லை. பம்பாய்க்குப் போக வேண்டிய கடிதம், அவர் மேசையில் அவர் முணுமுணுத்துக்கொண்டே அடித்துக்கொண்டிருந்த கடிதம். ஆறு வரி. 'ஏ' எல்லாம் 'ஏ'-யாகவே இருந்தது. 'டபிள்யூ' எல்லாம் சரி. 'எம்' மட்டும்தான் பல இடத்தில் சொதப்பல்.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. நான் கண்ணால் கற்றவள் இல்லை, காதால் கற்றவள். இங்கிலீஷ் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு அடிக்கும்போதும் என் மனசுக்குள் ஒவ்வொரு எழுத்தையும் கன்னியாஸ்திரி அம்மாவின் குரலில் பிரெஞ்சில்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் குரலுக்கு விரல் பழைய இடத்துக்குத்தான் போகும். இங்கிலீஷில் காதில் விழுந்தால் அதற்குப் பழைய இடம் என்று ஒன்று கிடையாது, இரண்டு மாதமாகப் படித்த புது இடத்துக்குப் போகிறது. இடம் மாறிய எழுத்துகளில், அடிக்கடி வருவதில் 'எம்' என்ற எழுத்துக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே சத்தம். அதனால்தான் அது மட்டும் அடம் பிடிக்கிறது.

நாற்காலிக்குப் போட்டி போடுகிறவரிடமே போய் உதவி கேட்க வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது. அதுவரை அவரை நான் பிரெஞ்சில் ஐயா என்பதற்கு 'முசியே' என்றுதான் கூப்பிட்டு வந்தேன், அதுவும் கொஞ்சம் கேலியாக. அன்றைக்கு முதல் தடவையாக, "அண்ணே, எனக்கு எழுத்தெழுத்தா இங்கிலீஷ்ல சொல்றீங்களா? நான் அடிக்கிறேன்" என்று கேட்டேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம், சொல்றேன்மா என்றார்.

மூன்று வாரம் தினமும் சொன்னார். பழைய கடிதங்கள், சரக்குப் பட்டியல், பேப்பரில் வந்த விளம்பரம் என்று எது கிடைத்தாலும் எடுத்து எழுத்தெழுத்தாகச் சொல்வார். எனக்காக 'எம்' அதிகம் வரும் கடிதங்களைத் தேடி எடுத்து வருவார். வெயிலில் தொண்டை வறண்டு போகும், பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பார். இரண்டாம் வாரத்தில் எழுத்து போய் முழு வார்த்தையாகச் சொன்னாலும் விரல் போனது. மூன்றாம் வாரத்தில் அவர் சொல்லாமலேயே, அவர் குரல் எனக்குள்ளே கேட்க ஆரம்பித்துவிட்டது. என் உதடுகூட அசையாது. நான் மறுபடி ஜன்னலைப் பார்த்து அடித்தேன்.

எனக்கு வந்த கர்வத்தைக் கேட்க வேண்டுமா? அம்மாவிடம் சொன்னேன், தங்கையிடம் சொன்னேன், இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் அந்த வாத்தியாரிடமும் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே வழி கிடையாது, எனக்குக் காதில் விழுந்தால்தான் கை போகும், அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பக்கத்து மேசை அண்ணனிடமும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஒனக்கு அறிவு இருக்குது, கண்டுபுடிச்சிட்ட. நான் மந்தம்மா. வாயால சொன்னாத்தான் எனக்குக் கையே போவும்" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இரண்டும் ஒன்றுதானே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் வழி கண்டுபிடிப்பு, அவர் வழி மந்தம். அப்படித்தான் இருந்தது என் புத்தி.

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலையில். சென்னையிலிருந்து வந்தவர் கண்ணாடி போட்ட, கண்டிப்பான மனிதர். எங்கள் இரண்டு மேசையையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இருவருக்கும் ஒரே கடிதத்தையும் ஒரே விலைப்பட்டியலையும் கொடுத்தார். இருபது நிமிடம். முதலாளி பக்கத்து அறையில் யாரோ வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. ஆறாவது வரியில் நான் இருந்தபோது என் விரல் தடுமாறியது. என்ன என்று பார்த்தால், பக்கத்தில் அவர் மூன்றாவது வரியை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று வாரமாக அந்தக் குரல் சொன்னதை அடித்துப் பழகிய விரல்கள் இல்லையா, என் வரியை விட்டுவிட்டு அவர் வரிக்கு ஓடின. ஒரு தப்பு விழுந்தது. திரும்ப ஆரம்பித்தேன், இன்னொரு தப்பு. அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

சென்னைக்காரர் அதைக் கவனித்துவிட்டார். அருகில் வந்து, "இவர் வாய்விட்டுப் படிக்கிறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

தொந்தரவாகத்தான் இருந்தது. அது பொய் இல்லை. ஆனால் அந்த முணுமுணுப்பை நிறுத்தினால் அவர் கை என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, வாசலில் வேடிக்கை பார்க்கும் தெரு நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

வாயை மூடிக்கொண்டு அடியுங்கள் என்று அவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். சரிங்க என்றார்.

அதற்குப் பிறகு அறையில் மெஷின் சத்தம் மட்டும்தான். என் மெஷின் மழை போலப் பெய்தது. அவர் மெஷினில் ஒரு தட்டு. அப்புறம் ஒரு இடைவெளி. இன்னும் ஒரு தட்டு. அப்புறம் இன்னும் பெரிய இடைவெளி. அவர் உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என் வேலையைத் தொடர்ந்தேன். அந்த நிசப்தத்தில் நான் ரொம்ப நன்றாக அடித்தேன் என்று எழுதவே எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

முடிவை அங்கேயே சொல்லிவிட்டார்கள். என் தாளில் அந்த இரண்டு தப்பு மட்டும். அவர் தாளில் ஒரு வரி இரண்டு தடவை வந்திருந்தது, ஒரு வரி விட்டுப்போயிருந்தது, விலைப்பட்டியல் பாதியில் நின்றது. எத்தனை வருஷமாக டைப் அடிக்கிறீர்கள் என்று சென்னைக்காரர் ஆச்சரியமாகக் கேட்டார். எட்டு வருசங்க என்றார் அண்ணன். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்து சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எட்டு வருடத்தில் ஒரு தப்புகூட அடிக்காத மனிதர்.

அன்றைக்கு வீட்டில் அம்மா பாயசம் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. சந்தோஷத்தில் சாப்பிட முடியவில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரே நினைப்பு. ஒருவர் அடித்து முடித்த பிறகு மற்றவரை உட்கார வைத்திருக்கலாம். அல்லது ஒருவரை அடுத்த அறையில் போட்டிருக்கலாம். எவ்வளவு சின்ன விஷயம். சென்னைக்காரருக்குத் தோன்றவில்லை என்றால் நியாயம், அவருக்கு எங்களைத் தெரியாது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஆபீசில் அமைதி. நான் வருடக்கணக்காக ஆசைப்பட்ட அமைதி. அதில் என்னால் உட்காரவே முடியவில்லை. புதன்கிழமை மத்தியானம் கிடங்குக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். நீ எதுக்கும்மா இங்க வந்த, தூசியா இருக்குது என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்குத் தெரியும் அண்ணே, நீங்க வாய் அசைக்காம அடிக்க முடியாதுன்னு தெரிஞ்சேதான் தலையாட்டினேன் என்று சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "நீ தலையாட்டுனத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஒனக்குத் தொந்தரவாத்தான் இருந்திருக்கும். ஆனா இவுருக்கு வாய் ஓடுனாத்தான் கை ஓடும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நான் மந்தம்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஒனக்குத்தான் தெரிஞ்சிருந்துது."

நான் மந்தம்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். அந்த வார்த்தை என்னைச் செருப்பால் அடித்தது போல இருந்தது. மூன்று வாரம் அவர் குரலை வைத்துக்கொண்டு என் வழியைக் கண்டுபிடித்தேன். ஊரெல்லாம் போய்ப் பிரசங்கம் செய்தேன். எதிரில் உட்கார்ந்து தன்னை மந்தம் என்று சொல்லிக்கொண்டவரிடம், இல்லை அண்ணே, அதுவும் ஒரு வழிதான், உங்களுக்கு வாய் எனக்குக் காது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று மட்டும் சொல்லவில்லை. சிரித்தேன்.

அன்றைக்கு அந்தக் கிடங்கிலேயே அதைச் சொன்னேன். காலம் தாழ்ந்துதான், ஆனாலும் சொன்னேன். அவர் கடலூர் பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு படி என்று தினமும் அடி வாங்கியதைச் சொன்னார். அதனால்தான் படிப்பையே விட்டாராம்.

அங்கிருந்து நேராக முதலாளியிடம் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "இத சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டனுப்பி, மெஷினோடு ஒரு அறையில் தனியாக விட்டுக் கதவைச் சாத்தினார். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். உள்ளே அந்த முணுமுணுப்பு ஒரே சீராகக் கேட்டது. கதவைத் திறந்தபோது அதே கடிதம், அதே விலைப்பட்டியல், இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகியிருந்தது. ஒரு தப்பு இல்லை.

ஆனால் நாற்காலி ஒன்றுதான். அதை அவருக்கு விட்டுத் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான், வீட்டில் இரண்டு வயிறு இருந்தது. முதலாளிதான் வழி செய்தார். இங்கிலீஷ் கடிதத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த இன்னொரு வியாபாரிக்கு அந்தத் தாளையே கொடுத்தனுப்பி, இந்த மனிதர் அடித்தது என்று சொல்லியனுப்பினார். அடுத்த மாதம் அண்ணன் அங்கே வேலைக்குப் போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து ஏதோ சரக்குச் சீட்டு வாங்க அந்தக் கடைக்குப் போனேன். உள்ளே கடைசியில், மற்றவர்களை விட்டு ஒதுங்கி, சுவர் ஓரமாக ஒரு மேசை. அதில் அண்ணன். வாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, கை அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. ஏன் இவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நான்தாம்மா கேட்டு வாங்கினேன். வந்த அன்னிக்கே சொல்லிட்டேன், எனக்கு வாய் ஓடுனாத்தான் கை ஓடும், ஒதுக்குப்புறமா ஒரு மேச போட்டுக் குடுங்கன்னு. ஒடனே குடுத்துட்டாங்க. இவ்ளோதான் விசயம்" என்றார்.

சீட்டை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பி நடந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களும் படிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி புத்தகத்தைப் பார்த்தாலே போதும், மனதில் ஒட்டிக்கொள்ளும். இன்னொருவன் வீடு முழுக்க நடந்துகொண்டே கத்திப் படிப்பான். ஏன் இவன் உட்கார்ந்து படிக்க மாட்டானா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அவனுக்குக் கால் ஓடினால்தான் பாடம் ஓடும் என்று அவனுக்குக் காதில் விழும்படி உரக்கச் சொல்வேன். என் வழியை நான் கண்டுபிடிக்க ஒரு மனிதர் மூன்று வாரம் தொண்டை வறளச் சொல்லித் தந்தார். அவர் வழியைக் காப்பாற்ற ஒரே ஒரு வார்த்தை போதுமாயிருந்தது, அந்த வார்த்தை என்னிடம் இருந்தும் நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன் என்பது இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.